பிறர் பணயம்

சூதாட்டத்தைக் கண்டித்து எழுதியவர்கள் பெரும்பாலும் ஆடுகிறவனையே பார்த்து எழுதியிருக்கிறார்கள். அவனுடைய பேராசை, அவன் வீட்டில் அடுப்பெரியாதது, கடைசியில் அவன் நடுத்தெருவில் நிற்பது. வள்ளுவருக்கும் அவன்தான் கண்ணில் படுகிறான். நளன் கதையும் அவனைப் பற்றியதுதான். எதிரே உட்கார்ந்து ஆடும் இன்னொருவன் உண்டு - புட்கரன், சகுனி. அவனும் தோற்கக்கூடியவன்தான், தோற்காமலிருக்க அவனுக்குக் கலியின் துணையோ கள்ளப் பகடையோ வேண்டியிருக்கிறது. எதிரே ஆளே இல்லாமல், தோற்கவே முடியாத ஒரு தரப்போடு, சட்டப்படியும் கள்ளமில்லாமலும் ஒரு சூது நடக்கும் என்று பழைய நீதிக்காரர்களுக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை. அதைப் பார்க்க நெவாடா பாலைவனத்துக்குப் போகவேண்டும்.

அமெரிக்கா போய்வந்த நம்மவர்களின் பயணக் கட்டுரைகளில் லாஸ் வேகாஸ் என்றால் விளக்குகள். 'இரவைப் பகலாக்கும்' என்ற தொடர் இல்லாமல் ஒரு கட்டுரை கூட முடிவதில்லை. உண்மையில் அந்த ஊரில் பார்க்க வேண்டியது ஒரு ரூலெட் சக்கரம், அதுவும் பகலில், ஆளில்லாத நேரத்தில். அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழிகள்: 1 முதல் 36 வரை எண்கள், ஒரு பூஜ்யம், ஓர் இரட்டைப் பூஜ்யம். ஓர் எண்ணின் மேல் 1 டாலர் வைத்து ஜெயித்தால் 35 டாலர் தருவார்கள். கணக்குப்படி தர வேண்டியது 37. இந்த இரண்டு டாலர் வித்தியாசத்தில்தான் அந்த நகரம் நிற்கிறது. பெரிய எண்ணிக்கையில் ஆடும்போது, வைக்கப்படும் ஒவ்வொரு 100 டாலரிலும் 5 டாலர் 26 சென்ட் விடுதிக்கு வந்து சேரும். இதை அவர்கள் ஒளிப்பதுமில்லை. எவரும் குழிகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆட்டத்தை நடத்தும் தரப்புக்கு அங்கே 'வீடு' என்று பெயர். வீடு சூதாடுவதில்லை. ஆடுகிறவனுக்கு இருப்பது இந்த ஒரு சுழற்சி, அதிகம் போனால் இந்த ஓர் இரவின் சுழற்சிகள். வீட்டுக்கு லட்சோப லட்சம் சுழற்சிகள் இருக்கின்றன. ஒரு சுழற்சி என்னவாகும் என்று யாராலும் சொல்ல முடியாது, லட்சம் சுழற்சிகள் என்னவாகும் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். யாகோப் பெர்னூலி இதை நிரூபித்த நூல் அவர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின் 1713-ல் வெளிவந்தது. ஒருவன் ஒரே இரவில் பல லட்சம் டாலரோடு வெளியே போனாலும் வீடு கவலைப்படாது. அவன் நடமாடும் விளம்பரம். வீட்டுக்கு எந்த மனிதன் தோற்கிறான் என்பது தெரியவே தேவையில்லை. இழப்பவன் யார் என்று தெரியாமலேயே இழப்பு எவ்வளவு என்று தெரிந்திருக்கும் நிலை இது. வருமானம் அங்கே ஒரு மொத்தத் தொகை. தனி மனிதன் அதில் ஒரு பின்னம். இந்த விஷயத்துக்குப் பின்னால் திரும்ப வரவேண்டியிருக்கும்.

நகரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது 1931 மார்ச் 19. அதே ஆண்டு விவாகரத்துக்கு ஆறு வார வாசம் போதும் என்றும் சட்டம் செய்தார்கள். பெரிய காசினோக்கள் வரிசையாக நிற்கும் சாலை உண்மையில் லாஸ் வேகாஸ் நகராட்சி எல்லைக்குள் இல்லை. நகர வரிக்கு அகப்படாமல் இருப்பதற்காக 1950-ல் தனி எல்லை வகுத்துக்கொண்ட பகுதி அது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் பாரடைஸ், சொர்க்கம். இதைக் கற்பனையாக ஒரு கதையில் எழுதியிருந்தால் அப்பட்டமான குறியீடு என்று நாமே குறை சொல்லியிருப்போம்.

1972-ல் வெஞ்சூரியும் அவர் கூட்டாளிகளும் இந்தச் சாலையிலிருந்து கட்டடக்கலை பாடம் கற்கலாம் என்று ஒரு புத்தகம் போட்டார்கள். கட்டடத்தைவிட அதன் முன்னால் நிற்கும் விளம்பரப் பலகையே பெரிது, அதுவே கட்டடம் என்பது அவர்கள் கண்டது. சாமர்த்தியமான கவனிப்புதான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தங்கள் ஆய்வுக்கு அப்பாற்பட்டதாக ஒதுக்கிவிட்ட ஒரு ரசனை எனக்கு நெருடுகிறது. உள்ளே இருப்பவை பெரும்பாலும் யந்திரங்கள். 1984-ல் டெல்னஸ் என்பவர் வாங்கிய காப்புரிமைக்குப் பிறகு, கண்ணுக்குத் தெரியும் உருளை வேறு, முடிவைத் தீர்மானிக்கும் எண் வேறு என்று ஆகிவிட்டது. பரிசுப் படம் நூலிழையில் தவறியதுபோல் அடிக்கடி காட்ட முடியும். நடாஷா ஷூல் என்ற மானிடவியலாளர் 2012-ல் எழுதிய புத்தகத்தில் இந்த யந்திரங்களின் முன் உட்கார்பவர்களைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்கிறார்: அவர்கள் ஜெயிப்பதற்காக ஆடவில்லை, ஆடிக்கொண்டே இருப்பதற்காக ஆடுகிறார்கள். ஜெயித்தால்கூட அது ஓட்டத்தைத் தடுக்கும் இடைஞ்சல். தாஸ்தயேவ்ஸ்கி 1866-ல் எழுதிய சூதாடி விதியின் சட்டையைப் பிடித்து உலுக்கி ஒரு பதிலைக் கேட்டவன். இவர்கள் விதியிடம் எதையும் கேட்கவில்லை. தங்களை விட்டுவிட்டால் போதும் என்கிறார்கள். வாழ்க்கை தாங்காமல் போகும் இடத்தில் ஒருவன் இதைக் கேட்பதை நான் பாவம் என்று சொல்லத் தயாராக இல்லை. அதற்கு ஒரு கட்டணம் வைத்து, நாற்காலியின் உயரத்தைக்கூட அளந்து செய்துகொடுப்பவனைப் பற்றி வேறு அபிப்பிராயம் உண்டு.

தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால் போல்டர் சிட்டி. நெவாடாவில் சூதாட்டம் கூடாது என்று விதி வைத்திருக்கும் அபூர்வமான ஊர். ஹூவர் அணை கட்டும் தொழிலாளிகளுக்காக மத்திய அரசாங்கம் 1931-ல் தொடங்கி, தானே திட்டமிட்டுக் கட்டி, தானே நிர்வகித்த ஊர் இது. சூதில்லை, சாராயமில்லை, சாராயக் கட்டுப்பாடு 1969 வரை நீடித்தது, சூதுத் தடை இன்றும் நகர சாசனத்தில் இருக்கிறது. மரநிழலும் புல்வெளியுமாக, லாஸ் வேகாஸிலிருந்து வருகிறவனுக்குக் காதடைப்பு நீங்கியதுபோல் இருக்கும். இந்த ஊரைக் கேலி செய்வது சுலபம், பலர் செய்திருக்கிறார்கள். நான் அதைச் செய்ய விரும்பவில்லை. ஆனாலும் அந்த ஒழுக்கத்தின் இயக்கம் எப்படி என்று பார்க்கலாம். சம்பள நாளன்று தொழிலாளி சாலை வழியே லாஸ் வேகாஸுக்குப் போனான். அரசாங்க எல்லைக்கு ஓரடி வெளியே என்று சொல்லத்தக்க இடத்தில், அதே 1931-ல், ரயில்ரோட் பாஸ் என்ற காசினோ திறந்தார்கள், இன்றும் இருக்கிறது. இரண்டு ஊர்களும் ஒரே அணையின் பிள்ளைகள். ஒன்று தன் ஆசைகளை 40 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துவிட்டுச் சுத்தமாக இருந்தது, மற்றது அவற்றை வாங்கிக்கொண்டு பணக்காரனாயிற்று. அணையில் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளப்பட்ட கொஞ்சம் கறுப்பர்களை போல்டர் சிட்டியில் குடியிருக்க விடவில்லை; அவர்கள் லாஸ் வேகாஸிலிருந்து போய்வர வேண்டியிருந்தது. லாஸ் வேகாஸ் காசினோக்களும் 1960 வரை அவர்களைப் பெரும்பாலும் உள்ளே விடவில்லை. இந்த விஷயத்தில் ஒழுக்கத்துக்கும் ஒழுக்கக் கேட்டுக்கும் கருத்து வேற்றுமை இருக்கவில்லை.

எல்லை போட்டு அடையும் தூய்மை தூய்மைதானா? ஓரளவுக்கு ஆம் என்றே சொல்வேன். குழந்தை வளர்க்கிறவன் எங்காவது கோடு போட்டே ஆகவேண்டும். கோட்டுக்கு வெளியே இருப்பதோடு தனக்கு சம்பந்தமில்லை என்று அவன் சொல்லும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

வடமேற்கே சுமார் 190 கிலோமீட்டரில், பெய்ட்டி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், ரயோலைட். 1904-ல் தங்கம் கண்டார்கள்; மூன்றே ஆண்டுகளில் சில ஆயிரம் பேர், ரயில் நிலையம், மூன்று மாடி வங்கி. 1907-ல் நியூயார்க்கில் பணச் சந்தை சரிந்தது, இங்கே முதல் வற்றியது. 1911-ல் சுரங்கம் மூடியது, 1916-ல் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். இன்று வங்கியின் முன்சுவர் வானத்தைச் சட்டமிட்டுக்கொண்டு நிற்கிறது. பாலைவனத்தில் மரம் கிடைக்காததால் சாராயப் புட்டிகளை அடுக்கி ஒருவர் கட்டிய வீடு மட்டும் ஏறக்குறைய முழுசாக இருக்கிறது. ஊரின் கீழே 1984-ல் ஸுகால்ஸ்கி என்ற பெல்ஜிய சிற்பி கடைசி விருந்துக் காட்சியை, உள்ளே உடம்பில்லாத வெள்ளைப் போர்வைகளாக, திறந்தவெளியில் நிறுத்தியிருக்கிறார். அந்த வெயிலில், அந்த இடத்தில், அதைப் பார்ப்பது சாதாரண அனுபவமல்ல. ஆனால் எனக்கு அதைவிட வங்கிச் சுவர்தான் முக்கியமாகப் பட்டது. தோற்றவர்கள் இங்கே தோற்றது தெரிகிறது. தங்கள் கைக்காசையும் முதுகெலும்பையும் வைத்தார்கள், இழந்தார்கள், மூட்டை கட்டினார்கள். லாஸ் வேகாஸில் தோல்விக்குத் தடயமே கிடையாது. தினமும் அதிகாலையில் பெருக்கி எடுத்துவிடுவார்கள்.

ரயோலைட்டிலிருந்து லாஸ் வேகாஸுக்குத் திரும்பும் 95-ம் எண் நெடுஞ்சாலையில், இடதுபுறம் மணிக்கணக்காக ஒன்றுமே இல்லாத நிலம் வருகிறது. அணுகுண்டுச் சோதனைக் களம். நகரத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். 1951 ஜனவரி 27 அன்று முதல் குண்டு. 1992 செப்டம்பர் வரை மொத்தம் 928 சோதனைகள். அவற்றில் 100 தரைக்கு மேலே, திறந்த ஆகாயத்தின் கீழ். ஐம்பதுகளில் இது லாஸ் வேகாஸுக்கு ஒரு கேளிக்கை. விடியற்காலை வெளிச்சத்தைப் பார்க்க விடுதி மாடிகளில் விருந்து. குண்டின் பெயரில் மதுக் கலவை. 1957-ல் காளான் மேகத்தைப் பஞ்சில் செய்து உடையில் ஒட்டிக்கொண்ட ஒரு நடனக்காரியின் புகைப்படம். இந்த ஆபாசத்தைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. ஆனால் இந்த ஆபாசம் ஒரு திரை, முக்கியமானது காற்று.

காற்று லாஸ் வேகாஸ் பக்கமோ லாஸ் ஏஞ்சலஸ் பக்கமோ வீசினால் குண்டு வெடிப்பதில்லை. காத்திருப்பார்கள். கிழக்கே வீசினால் வெடிப்பார்கள். கிழக்கே யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜ் இருந்தது. அப்போது ஐயாயிரம் பேருக்குக் குறைவான மார்மன் ஊர். சூதாட்டம், மது, புகையிலை, காப்பிகூட விலக்கப்பட்ட சமூகம். 1953 மே 19 அன்று வெடித்த 'ஹாரி' என்ற குண்டின் தூசு அந்த ஊர் மேல் இறங்கியது; வீட்டுக்குள் இருக்கும்படி சொன்னார்கள், அபாயம் ஒன்றுமில்லை என்றும் சொன்னார்கள். அந்த வசந்தத்தில் சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கான ஆடுகள் செத்தன. புற்றுநோய் மனிதர்களுக்குப் பிறகு வந்தது. வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொட்டிராதவர்கள், தாங்கள் மேஜைமேல் வைக்கப்பட்டிருப்பதைத் தெரிந்துகொள்ள இருபது முப்பது ஆண்டுகள் ஆயின.

பாஞ்சாலி சபையில் கேட்டது சூதாடுவது சரியா தவறா என்றல்ல. அதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். தன்னை முதலில் தோற்றவனுக்கு என்னை வைக்க ஏது உரிமை என்பது அவள் கேள்வி. பணயம் வைக்கும் உரிமையைப் பற்றிய கேள்வி அது. தர்மம் நுட்பமானது என்று சொல்லிப் பீஷ்மர் நழுவினார். செயின்ட் ஜார்ஜ் மக்களின் கேள்வி கோர்ட்டுக்குப் போனபோது அதைவிட நுட்பமான ஒரு தடை இருந்தது. பாஞ்சாலிக்குப் பெயர் உண்டு. இழுத்துவரப்பட்டவள் இவள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே யார் இழுத்துவரப்பட்டார்கள்? குண்டே வெடிக்காமலிருந்தாலும் அந்த ஊரில் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்திருக்கும். வெடித்ததால் அதிகம் பேருக்கு வந்தது. அதிகப்படியானவர் யார் யார் என்று எந்த வைத்தியனாலும் விரல் நீட்ட முடியாது. காசினோவின் கணக்கேதான், தலைகீழாக: இழப்பவன் யார் என்று தெரியாமலேயே இழப்பு தெரிந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் அபாயம் மிகச் சிறியது என்று அரசாங்கம் சொன்னதில் ஒருவகை உண்மை இருந்தது. ஒவ்வொரு சுழற்சியிலும் நஷ்டம் மிகச் சிறியது என்பதும் உண்மைதானே.

1984-ல் ப்ரூஸ் ஜென்கின்ஸ் என்ற நீதிபதி, மாதிரியாக எடுத்துக்கொண்ட 24 வழக்குகளில் 10-ல் அரசாங்கத்தின் அலட்சியத்தைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தார். நோய்க்குக் காரணம் இதுவேதான் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, கணிசமான காரணமாக இருந்தால் போதும் என்று அவர் எடுத்த நிலை, சட்ட நுணுக்கத்துக்கு அப்பாலும் சிந்திக்கத்தக்கது. 1987-ல் மேல் கோர்ட் அதை ரத்து செய்தது. குண்டு பாதகம் செய்யவில்லை என்பதற்காக அல்ல. இம்மாதிரி முடிவுகள் அரசாங்கத்தின் விருப்புரிமை, அதற்கு வழக்குப் போட முடியாது என்பதற்காக. 1990-ல் நாடாளுமன்றம் சட்டம் செய்து மன்னிப்புக் கேட்டது. குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட இடத்தில் வசித்து, குறிப்பிட்ட நோய் வந்தவர்களுக்கு 50,000 டாலர். அந்தச் சட்டம் 2024-ல் காலாவதியாகி, 2025-ல் தொகை 1,00,000 ஆகப் புதுப்பிக்கப்பட்டது.

இதில் தவறு எப்போது நடந்தது? நோய் வந்தவருக்கு மட்டும்தான் தீங்கு என்றால், நோய் வராமல் தொண்ணூறு வயது வரை இருந்து செத்தவருக்கு அரசாங்கம் ஒன்றும் செய்துவிடவில்லை. பொதுப்புத்தி இப்படித்தான் சொல்லும். எனக்கு இது போதவில்லை. அந்த ஆட்டத்தில் தருமன் ஜெயித்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள். பகடை வேறு மாதிரி விழுந்து, பாஞ்சாலியை யாரும் சபைக்கு இழுத்துவரவில்லை; உள்ளே இருந்த அவளுக்கு விஷயமே தெரியாது. அப்போது அவளுக்கு அநீதி நடக்கவில்லையா? நடந்துதான் இருக்கிறது. வைத்த கணத்திலேயே நடந்துவிட்டது. விழுந்த பகடை அதைப் பகிரங்கப்படுத்தியது, அவ்வளவே. இப்படிப் பார்த்தால் செயின்ட் ஜார்ஜில் அன்று கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த எல்லோருக்குமே தீங்கு செய்யப்பட்டிருக்கிறது.

இதற்கு ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. எல்லா அரசாங்கமும் பிறரைப் பணயம் வைத்துத்தான் நடக்கிறது. சாலை போட்டால் இத்தனை பேர் அடிபடுவார்கள் என்பது தெரிந்த கணக்கு. ஹூவர் அணையில் அதிகாரபூர்வக் கணக்குப்படியே 96 பேர் வேலையில் இறந்தார்கள். ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் செய்வது என்றால் ஒரு வாய்க்கால்கூட வெட்ட முடியாது. உண்மை. ஆனால் சாலையில் அதைப் போட்டவனும் போகிறான். அணையில் இறங்கியவனுக்குப் பாறை சரியும் என்பது தெரியும். அந்த மந்தகாலத்தில் அவனுக்கு வேறு வேலை கிடையாது என்பதையும் சேர்த்துக்கொண்டுதான் சொல்கிறேன். செயின்ட் ஜார்ஜுக்குச் சொல்லப்படவில்லை, தவறாகச் சொல்லப்பட்டது. அதைவிட, காற்று தேர்ந்தெடுக்கப்பட்டது. எந்தப் பக்கம் வீசினாலும் வெடிப்பது என்றிருந்தால் அது எல்லோரையும் வைத்து ஆடிய, பைத்தியக்காரத்தனமான, ஆனால் சூதாட்டம் என்ற பெயருக்குத் தகுதியான ஒன்றாக இருந்திருக்கும். காற்றுக்காகக் காத்திருந்தவர்கள் சூதாடவில்லை. சக்கரத்தில் இரண்டு குழி அதிகம் வெட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஜனத்தொகை குறைந்த பக்கம் திருப்பியதில் கருணை இல்லையா என்று கேட்கலாம். லட்சக்கணக்கானவர்களா, ஐயாயிரமா என்றால் யார்தான் என்ன செய்வார்கள்? இந்தக் கேள்வியை நான் அலட்சியமாக ஒதுக்கவில்லை. இதற்கு முழுப் பதிலும் என்னிடம் இல்லை. ஆனால் இந்தக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். பசிபிக் தீவுகளில் வெடிப்பது தூரம், செலவு, தாமதம் என்பதால்தான் உள்நாட்டில் இடம் தேடினார்கள். (அந்தத் தீவுகளிலும் மனிதர்கள் இருந்தார்கள் என்பது வேறு விஷயம், அல்லது அதே விஷயம்.) வைத்தே தீருவது என்று முடிவான பிறகு, குறைவாக வைப்பது கருணையாகத் தெரிகிறது.

சோதனைக் களம் இருக்கும் நிலம் 1863-ல் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி மேற்கு ஷோஷோனி மக்களுடையது. அவர்கள் அதை விற்றதாக அந்த உடன்படிக்கையில் இல்லை. நிலம் எப்போதோ கைமாறிவிட்டதாக வைத்துக்கொண்டு, 1979-ல் அரசாங்கம் சுமார் 2 கோடியே 60 லட்சம் டாலர் ஈடு கொடுக்க முன்வந்தது. அவர்கள் வாங்க மறுத்தார்கள். வாங்கினால் விற்றதாகிவிடும். பணம் அரசாங்கக் கருவூலத்திலேயே அவர்கள் பெயரில் கிடந்தது. மேரி டேன், கேரி டேன் என்ற இரு சகோதரிகள் தங்கள் மாடுகளை அந்த நிலத்தில் மேயவிட்டதற்காக நடந்த வழக்கில், 1985-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: அரசாங்கம் அந்த மக்களின் தர்மகர்த்தா, எனவே அரசாங்கம் தன் கருவூலத்தில் அவர்கள் கணக்கில் போட்டபோதே பணம் கொடுபட்டதாகிறது. இடக் கையிலிருந்து வலக் கைக்கு மாற்றியாயிற்று, நிலம் தீர்ந்தது.

பணம் வட்டியோடு வளர்ந்து 10 கோடி டாலரைத் தாண்டியது. 2004-ல் அதைப் பங்கிட்டுக் கொடுத்துவிட ஒரு சட்டம் வந்தது. ஷோஷோனிகளிலேயே பலர் பங்கிடச் சொல்லி வாக்களித்திருந்தார்கள். மறுத்தவர்களின் நிமிர்வைப் புகழ்ந்து எழுத எனக்குக் கை துடிக்கிறது. ஆனால் வாங்கச் சொன்னவர்களிலும் கிழவர்கள் இருந்தார்கள், பாலைவனத்தில் வேலையில்லாதவர்கள் இருந்தார்கள், நிலம் திரும்பி வராது என்று தெளிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் விற்கவில்லை. அவர்கள் கையில் வந்தது தலைக்கு இத்தனை டாலர் என்று போட்ட ஒரு காசோலை.